மாடி வாடகை தவணையைக் கட்டுமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கீழே நாம் குடியிருந்து மாடியை வாடகைக்கு விடலாம் என்று இரண்டு குடித்தன வீடு வாங்குவது வரவா, வம்பா என்பது தலைப்பு. வம்புதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு கணக்குப் போட்டார். வீட்டுக் கடன் தவணை நூறு, மாடி வாடகை அறுபது, நம் கைக்காசு நாற்பதுதான் என்றார். அவை கைதட்டியது. நானும் தட்டினேன், மரியாதைக்கு.

அந்த அறுபது பன்னிரண்டு மாதமும் வருமா ஐயா? ஒருவர் காலி செய்து அடுத்தவர் வர ஒரே ஒரு மாதம் ஆனாலும் ஆண்டு வாடகையில் 8 விழுக்காட்டுக்கு மேல் போயிற்று. அந்த மாதம்தான் பெயின்ட் அடிப்போம், குழாய் மாற்றுவோம். வரி, காப்பீடு தனி. முன்பணம் கையில் இருக்கிறதே என்பார். அது வருமானமா? திருப்பித் தரவேண்டிய கடன்!

வங்கிக் கடன் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 9 விழுக்காடு வட்டி, 20 ஆண்டுக் கடன் என்றால் முதல் தவணையில் நூற்றுக்கு 83 வட்டிக்கே போய்விடும். கட்டி முடிக்கையில் வாங்கியதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்திருப்போம். ஆகவே தலைவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. ஒற்றை வீட்டைவிட இதற்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறோம்? அந்தக் கூடுதல் தொகைக்கு வட்டி 9 விழுக்காடு. செலவு போக நிற்கிற வாடகை அதில் 4 விழுக்காடுதான் என்றால், மீதி 5-ஐ யார் கட்டுவது? மாடிக்காரரா? வாடகை வட்டியைத் தாண்டுகிற வீடு ஒன்றைக் காட்டுங்கள், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எதிரணிக்கே வந்துவிடுகிறேன். விலை ஏறுமே என்பார்கள். ஒற்றை வீட்டுக்கும்தான் ஏறும்!

பணத்தை விடுங்கள். என் நண்பர் இப்படி ஒரு வீடு வாங்கினார். ஒருநாள் சமையலறைக் கூரையில் உள்ளங்கை அளவு ஈரம். மறுவாரம் தட்டு அளவு. அதற்கு அடுத்த வாரம் அடுப்பு மேலேயே சொட்டுகிறது. மாடிக் குளியலறைத் தரையை உடைக்க வேண்டும். மாடிக்காரர் என்ன சொன்னார்? "பிள்ளைக்குப் பரீட்சை சார், முடியட்டும்." செலவும் இவருடையது, காத்திருப்பும் இவருடையது. ஒரு மாதம் அடுப்பைக் கூடத்தில் வைத்துச் சமைத்தார்கள்.

வேறு தெருவில் வீடு வைத்திருப்பவர் ராத்திரி பத்து மணிக்கு வரும் போனை எடுக்காமல் விடலாம். கீழே குடியிருப்பவர் எங்கே போவார்? விளக்கு எரிவது தெரிகிறது, தொலைக்காட்சி கேட்கிறது. மணி அடித்தால் திறந்துதானே ஆக வேண்டும்? "சார், தண்ணி வரலை." வாடகை இரண்டு மாதம் பாக்கி என்றாலும் படிக்கட்டில் தினம் முகம் பார்க்க வேண்டும். பாக்கி வைத்தவர் நிமிர்ந்து போகிறார். கேட்க வேண்டியவர் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்கிறார்!

பக்கத்திலேயே இருந்தால் வீட்டைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம் என்றார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். பார்க்கலாம் அம்மா. தலைக்கு மேலே கட்டிலை இழுக்கிற சத்தத்தைக் காதாலும் கேட்கலாம்.

நடுவர் மணி அடித்துவிட்டார். ஒரு நொடி, மாடிக்காரர்தான் வந்துவிட்டாரோ என்று பயந்தே போனேன். வருகிறேன், வணக்கம்.