பட்டிமன்ற உரை: துணுக்குச் செய்தி அறிவின் வாசலே!

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், வேலையை முடித்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும், முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

வியப்பூட்டும் பொது அறிவுத் துணுக்குகள் அறிவுக்கு வாசலா, வெறும் மனப்பாடச் சுமையா என்பது இன்றைய தலைப்பு. வாசல் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் பேசும்போது, "தென் அமெரிக்காவில் சிம்பொராசோ என்று ஒரு மலை இருக்கிறதாம். அதைத் தெரிந்துகொண்டால் அரிசி விலை குறையுமா?" என்று கேட்டார். நல்ல வேளை, அந்த மலையை அவரே எடுத்துக் கொடுத்தார். நானும் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறேன். ஒரு நாள் வகுப்பில், "பூமியின் மையத்திலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் சிகரம் எவரெஸ்ட் இல்லை, எக்வடோர் நாட்டில் இருக்கும் சிம்பொராசோ" என்றேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒத்துக்கொள்ளவே இல்லை. "எவரெஸ்ட் 8,849 மீட்டர், சிம்பொராசோ 6,263 மீட்டர். 2,586 மீட்டர் குறைவு சார், எப்படி?" என்றாள். கழித்தல் கணக்கை மனத்திலேயே போட்டுவிட்டாள். பாருங்கள், துணுக்கு வேலையை ஆரம்பித்துவிட்டது.

ஒரு பலூனில் தண்ணீர் நிரப்பினோம். நூலில் கட்டித் தொங்கவிட்டு, நூலை நன்றாக முறுக்கிவிட்டோம். பலூன் சுற்றச் சுற்ற, நடுப்பகுதி பக்கவாட்டில் பிதுங்கியது. மேலும் கீழும் அமுங்கியது. பூமியும் அப்படித்தான். தன்னைத்தானே சுற்றுவதால் நடுவில் புடைத்திருக்கிறது. மையத்திலிருந்து நிலநடுக்கோட்டுக்கு 6,378 கிலோமீட்டர், துருவத்துக்கு 6,357 கிலோமீட்டர். 21 கிலோமீட்டர் வித்தியாசம். சிம்பொராசோ அந்தப் புடைப்பின் மேல் நிற்கிறது. அதனால் மையத்திலிருந்து அளந்தால் அதன் உச்சி எவரெஸ்ட்டின் உச்சியைவிட ஏறத்தாழ 2 கிலோமீட்டர் வெளியே இருக்கிறது.

அந்தப் பெண் அதோடு விடவில்லை. "அப்போ அந்தப் பக்கம் போனால் என் எடை குறையுமா?" என்றாள்.

நடுவர் அவர்களே, இந்தக் கேள்வி 350 ஆண்டுகளுக்கு முன்னால் ஐரோப்பாவையே ஆட்டிவைத்த கேள்வி. 1672-இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர், பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தோடு தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் இருக்கும் கயேன் என்ற ஊருக்குப் போனார். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து ஊர். அங்கே கடிகாரம் நாளுக்கு இரண்டரை நிமிடம் மெதுவாக ஓடியது. ஊசலைக் கொஞ்சம் குட்டையாக்கிய பிறகுதான் நேரம் சரியாக வந்தது. கடிகாரம் பழுது என்று அதை ஓரமாக வைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அங்கே ஈர்ப்பு குறைவு, அதனால் ஊசல் மெதுவாக ஆடுகிறது என்று நியூட்டன் கண்டார். பூமி நடுவில் புடைத்திருக்க வேண்டும் என்று 1687-இல் வெளிவந்த தம் நூலில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

பாரிசில் காசினி குடும்பத்து வானியலாளர்கள் அதை ஏற்கவில்லை. பூமி துருவப் பக்கம் நீண்டிருக்கிறது என்றார்கள். அதாவது எலுமிச்சம்பழம் போல. நியூட்டன் சொன்னதோ ஆரஞ்சுப்பழம் போல. வாதத்தைத் தீர்க்க 1735-இல் ஒரு குழு இன்றைய எக்வடோருக்குக் கப்பல் ஏறியது. மறு ஆண்டு இன்னொரு குழு ஐரோப்பாவின் வடகோடியில், துருவத்துப் பக்கம் இருக்கும் லாப்லாந்துக்குப் போனது. இரண்டு இடத்திலும் நிலத்தின் வளைவை அளந்து பார்த்ததில் நியூட்டன் சொன்னதே சரி என்று ஆனது. எக்வடோருக்குப் போனவர்களில் சிலர் ஊர் திரும்பவே சுமார் பத்து ஆண்டுகள் ஆயின. அவர்களில் புகேரும் லா கோந்தமினும் 1738-இல் எந்த மலையடியில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மலை அதைத் தன் பக்கம் இழுக்கிறதா என்று பார்த்தார்கள் தெரியுமா? தலைவர் கேட்ட அதே சிம்பொராசோ!

இது எங்கோ நடந்த கதை, நமக்கென்ன என்று தோன்றலாம். 1802-இல் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு, நில அளவைக்கு அடிப்படையான ஒரு நேர்கோட்டை அளந்தார். அங்கிருந்து வளர்ந்ததுதான் இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் நில அளவை. பூமியின் வடிவத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிப்பதும் அவர் நோக்கங்களில் ஒன்று. 1808-இல் அரை டன் எடையுள்ள அவருடைய தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவி, தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது மோதி நசுங்கியது. நாள் கணக்கில் உட்கார்ந்து அதை அவரே சீராக்கினார். அந்தக் கோயிலுக்கு நாம் எத்தனை முறை போயிருப்போம்!

இவ்வளவும் எங்கே தொடங்கியது? ஒற்றை வரித் துணுக்கில்.

வரலாற்றுக்கு வருகிறேன். கிளியோபாட்ரா என்றதும் நம் மனத்தில் பிரமிடும் சேர்ந்தே வருகிறது. ஆனால் கீசாவின் பெரிய பிரமிடு கட்டி ஏறத்தாழ 2,500 ஆண்டுகள் கழித்துத்தான் அவர் வாழ்ந்தார். அவர் இறந்தது கி.மு. 30. மனிதன் நிலாவில் கால் வைத்தது 1969. அப்படியென்றால் அவர் பிரமிடு கட்டியவர்களைவிட நமக்குத்தான் பக்கத்தில் இருக்கிறார். இதைக் கேட்ட பிறகு "பண்டைய எகிப்து" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவைக்க முடியாது. ஆண்டுகளை மனப்பாடம் செய்தபோது வராத கால உணர்வு, ஒரு துணுக்கில் வந்துவிடுகிறது.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரி, "பாதித் துணுக்குகள் பொய். சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து தெரியும் என்று எத்தனை பேர் நம்புகிறார்கள்!" என்றார். நியாயமான குற்றச்சாட்டு, மதிக்கிறேன். மனிதன் விண்வெளிக்குப் போவதற்கு முன்பே அச்சில் ஏறிய பொய் அது. 2003-இல் விண்வெளிக்குப் போன சீன வீரர் யாங் லிவெய்யே, சுவர் தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். ஆனால் சகோதரி, இதையும் எங்கள் பிள்ளைகளிடம் கொடுத்தேன். சுவர் 6 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டார்கள். நிலா 3,84,000 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தார்கள். 6 கிலோமீட்டர் தள்ளி நின்று ஒரு தலைமுடியைப் பார்ப்பதற்குச் சமம் என்று வந்தது. நானாகச் சொல்லியிருந்தால் கேட்டுவிட்டு மறந்திருப்பார்கள். இப்போது எந்தத் துணுக்கு வந்தாலும், "கணக்குப் போடலாமா சார்?" என்கிறார்கள்.

அந்தப் பலூன் பெண் போன வாரம் ரயில் நிலையத்துக்குப் போய்விட்டு வந்தாள். மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதை இதுவரை அவள் கவனித்ததே இல்லையாம். "பூமி புடைத்திருக்கிறது, கடல் ஏறி இறங்குகிறது. அப்புறம் கடல் மட்டம் என்றால் எந்தக் கடல், எந்த நேரம் சார்?" என்று கேட்டாள். வரும் சனிக்கிழமை அதுதான் எங்கள் பாடம். நடுவர் அவர்கள் தீர்ப்பு எழுதும் முன் அந்தப் பெண்ணின் கேள்வியை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.