போனி கேஷினின் கம்பளிக் கோட்டைப் பிடித்துத் தைக்கலாமா?

வணக்கம். பழைய கம்பளி ஆடைகளைப் பராமரிப்பது குறித்த பதிவைப் பார்த்துவிட்டு, நியூ ஜெர்சியில் வசிக்கும் ஒரு சகோதரி ஒரு கேள்வியை அனுப்பியிருக்கிறார். வீட்டுப் பொருள்களை மொத்தமாக விற்கும் எஸ்டேட் சேல் ஒன்றில், ஓரமெல்லாம் தோல் பட்டை வைத்துத் தைத்த, பித்தளைக் கொக்கிகள் கொண்ட ஒரு கம்பளிக் கோட்டை அவர் வாங்கியிருக்கிறார். உள்ளே சில்ஸ் நிறுவனத்தின் பெயரும் அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் போனி கேஷினின் பெயரும் கொண்ட துணிச்சீட்டு இருக்கிறதாம். கோட்டு தமக்கு மிகவும் தொளதொளப்பாக இருப்பதாகவும், தோளையும் கைகளையும் பிடித்துத் தைத்துத் தருவதாகத் தையல்காரர் சொல்வதாகவும் எழுதி, அப்படிச் செய்யலாமா, இது உண்மையானதுதானா, எந்த ஆண்டுகளைச் சேர்ந்தது, இதை எப்படிப் பாதுகாப்பது என்று கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து பிடித்துத் தைக்க வேண்டாம். அந்தத் தொளதொளப்பு அளவு தவறியதால் வந்ததன்று. வடிவமைத்தவர் வேண்டுமென்றே விட்ட இடம் அது. அதை எடுத்துவிட்டால் அந்தக் கோட்டில் போனி கேஷினின் சிந்தனை என்று சொல்லத்தக்கது அநேகமாக எதுவும் மிஞ்சாது. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு அவருடைய பின்னணியைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

போனி கேஷின் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். அவருடைய தாயார் ஆடை தைத்துக் கொடுக்கும் தொழில் செய்தவர். ஆகவே துணியும் கத்தரியும் அவருக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். 1930களில் நியூயார்க்கின் ராக்ஸி அரங்கில் நடனக் குழுவினருக்கு உடை வடிவமைத்தார். பிறகு ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து 1940களில் ஏராளமான திரைப்படங்களுக்கு உடை அமைத்தார். 1944-ல் வெளிவந்த லாரா என்ற படத்தின் உடைகள் அவருடையவை. மேடையில் ஆடுகிறவருக்கும் கேமரா முன் நடமாடுகிறவருக்கும் உடை தைக்கிறவர், நிற்கும் உடம்பை அளந்தால் போதாது. கை உயர்வதையும் இடுப்பு திரும்புவதையும் மனத்தில் வைத்தே வெட்ட வேண்டும். அவர் பின்னாளில் செய்த கோட்டுகள் அனைத்திலும் இந்தப் பயிற்சி தெரிகிறது என்பது என் கருத்து.

1949-ல் அவர் நியூயார்க்கின் ஆடைத் தொழிலுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டே, அதாவது 1950-ல், அந்நாட்டின் பெரிய ஆடை வடிவமைப்பு விருதுகளான கோட்டி விருதையும் நீமன் மார்கஸ் விருதையும் பெற்றார். அன்றைய சூழலை நினைத்துப் பார்த்தால்தான் அவர் செய்ததன் துணிச்சல் புரியும். 1947-ல் பாரிஸில் கிறிஸ்தியன் தியோர் அறிமுகப்படுத்திய நியூ லுக் பாணி அப்போது உலகெங்கும் பரவியிருந்தது; இடுப்பை இறுக்கி, உள்ளே விறைப்புத் துணி கொடுத்து, உடலுக்கு ஒரு வடிவத்தை உடையே திணிக்கும் பாணி அது. அதே காலத்தில் கேஷின் ஜப்பானியக் கிமோனோ, நடுவில் தலை நுழையும் துளை கொண்ட தென்னமெரிக்கப் போர்வையான போன்ச்சோ, நோ எனப்படும் ஜப்பானிய மரபு நாடக நடிகர்களின் அங்கி ஆகியவற்றை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். இவை யாவும் துணியை அதன் நேர்ப் போக்கிலேயே விட்டு, சிறிதளவே வெட்டி, உடம்பின்மேல் தாராளமாக விழச் செய்யும் உடைகள். 1950களின் நடுவில் ஃபோர்டு அறக்கட்டளையின் ஏற்பாட்டில் நம் நாட்டுக் கைத்தறித் துணிகளை ஆராயவும் அவர் வந்து சென்றார். வெட்டாத துணியையே உடையாக உடுத்தும் மக்களை அவர் நேரில் கண்டது அவருடைய வழிக்கு ஒத்துப்போயிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

இங்கேதான் சகோதரியின் கேள்விக்கு நேரான விடை இருக்கிறது. இன்று குளிர்நாடுகளில் லேயரிங் என்று எல்லாரும் சாதாரணமாகச் சொல்கிறார்களே, ஒன்றின்மேல் ஒன்றாக உடுத்தி, தேவைக்கேற்பக் கழற்றியும் போட்டும் கொள்வது, அதை அமெரிக்க மகளிர் ஆடையில் ஒரு முறைமையாகவே வகுத்தவர் கேஷின். சீன மக்கள் ஒரு நாளின் குளிரை அன்று எத்தனை சட்டை போட வேண்டும் என்று சட்டைக் கணக்கில் சொல்வதைத் தாம் கேட்டறிந்ததாக அவர் கூறுவதுண்டு. அவருடைய உடைகளில் உடம்போடு ஒட்டிய பின்னலாடை ஒன்று, அதன்மேல் கையில்லாத தோல் சட்டை ஒன்று, அதற்கும் மேல் கோட்டு என்று வரிசை இருக்கும். ஆகவே உங்கள் கோட்டின் தோளும் கையும் உங்கள் உடம்புக்கு அளந்தவை அல்ல. உள்ளே வரவிருக்கும் இரண்டு மூன்று உடைகளையும் சேர்த்து அளந்தவை. மெல்லிய ரவிக்கைமேல் அதைப் போட்டுப் பார்த்துத் தொளதொளப்பு என்று முடிவு செய்வது அதற்கு நியாயம் செய்வதாகாது. தடித்த ஸ்வெட்டர் ஒன்றையும் அதன்மேல் கையில்லாத ஜாக்கெட் ஒன்றையும் போட்டுக்கொண்டு, பிறகு கோட்டை மாட்டிக் கையை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள்.

பிடித்துத் தைக்கக் கூடாது என்பதற்குத் தையல் முறையிலேயே இன்னொரு காரணமும் உண்டு. கோட்டைத் திருப்பி, தோள் பகுதியைக் கவனியுங்கள். கேஷினின் பல கோட்டுகளில் கையும் உடலும் ஒரே துணியாக வெட்டப்பட்டிருக்கும். நம் சட்டைகளில் இருப்பதுபோல் அக்குளைச் சுற்றி வரும் வட்டமான தையல் இருக்காது. அத்தகைய தோளைக் குறைக்க வேண்டுமானால் துணியை வெட்டியே ஆக வேண்டும். அடுத்து, கழுத்து, முன்பக்கம், கைமுனை, பாக்கெட் வாய் என ஓரமெங்கும் ஓடும் தோல் பட்டையைப் பாருங்கள். கம்பளித் துணியின் வெட்டு விளிம்பை மெல்லிய தோல் பட்டைக்குள் வைத்து, இருபுறமும் மடித்து, ஒரே தையலில் ஓட்டியிருப்பார்கள். கோட்டு முதலில் தேயும் இடங்கள் அவைதாம் என்பதால் அது காப்பு. விளிம்பைத் தனியாக மடித்துத் தைக்கத் தேவையில்லாததால் கோட்டின் கனமும் குறைகிறது. அழகும் அதிலிருந்தே வருகிறது. ஆனால் துணியில் ஊசி போன துளை நாளடைவில் மூடிக்கொள்ளும். தோலில் போன துளை என்றும் மூடாது. தையல்காரர் பட்டையைப் பிரித்து வேறு இடத்தில் தைத்தால் பழைய துளைகள் வரிசையாக வெளியே தெரியும். அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

கொக்கிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் அவற்றை அலங்காரம் என்று எண்ணுகிறார்கள். டர்ன்லாக் எனப்படும் அந்தப் பித்தளைத் திருகுகொக்கி, திறந்த காரின் மடக்குக் கூரையை இறுக்கும் கொக்கியிலிருந்து கேஷின் எடுத்துக்கொண்டது. நீள்வட்டத் துளையின் வழியே தலையை நுழைத்து, கால் சுற்று திருப்பினால் பூட்டிக்கொள்ளும். கம்பளிக் கையுறை போட்ட கையால் சிறு பொத்தானைப் பிடிக்க முடியாது. இதைத் திருப்ப முடியும். 1962 முதல் அவர் கோச் நிறுவனத்துக்குப் பைகள் வடிவமைத்தபோது அங்கும் இதே கொக்கி இடம்பெற்று, இன்றுவரை அந்த நிறுவனத்தின் அடையாளமாக இருக்கிறது. சில கோட்டுகளில் பாக்கெட்டே ஒரு மணிபர்ஸாக இருக்கும். உலோகச் சட்டமும், இரு குமிழ்கள் ஒன்றையொன்று உரசிப் பூட்டிக்கொள்ளும் முத்தப் பூட்டும் கொண்ட பர்ஸின் வாயைக் கோட்டோடு சேர்த்துத் தைத்திருப்பார். கைப்பை இல்லாமல் இரு கைகளையும் வீசி நடக்கும் பெண்ணுக்காகச் செய்த பாக்கெட் அது. உங்கள் கோட்டில் அது இருந்தால் சட்டத்தைச் சுற்றியுள்ள தையலை மட்டும் அடிக்கடி கவனியுங்கள். எடை முழுவதும் அந்தத் தையலில்தான் விழுகிறது.

இனி, உண்மையானதா என்ற கேள்வி. அவருடைய வடிவங்கள் அக்காலத்திலேயே பரவலாகப் பின்பற்றப்பட்டன. ஆகவே தோல் ஓரத்தையும் பித்தளைக் கொக்கியையும் மட்டும் வைத்து ஒரு கோட்டை அவருடையது என்று சொல்லிவிட முடியாது. சில்ஸ் துணிச்சீட்டு இருப்பது உங்களுக்குப் பெரிய துணை. ஃபிலிப் சில்ஸ் என்பவரின் தோலாடை நிறுவனத்துக்கு அவர் 1953 முதல் 1977 வரை வடிவமைத்தார். முரட்டு வேலைக்கும் விளையாட்டுக்கும் உரியதாகக் கருதப்பட்ட தோல், உயர்தர மகளிர் ஆடையில் நிலையான இடம் பெற்றதில் இந்தக் கூட்டணிக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் தாமே பெரிய தொழிற்சாலை நடத்தாமல், பல தயாரிப்பாளர்களுக்குத் தனித்தனியே வடிவமைத்துக் கொடுத்தார். எனவே மழைக்கோட்டில் ஒரு நிறுவனத்தின் பெயரும், ஸ்காட்லாந்தில் பின்னிய காஷ்மீரா கம்பளி ஆடையில் வேறொரு பெயரும் அவர் பெயரோடு சேர்ந்து வரலாம். அதைக் கண்டு ஐயப்பட வேண்டாம். விற்ற கடையின் சீட்டு கூடுதலாக இருந்தாலும் அப்படித்தான்.

காலத்தைக் குறுக்கிப் பார்க்கக் கோட்டிலேயே வேறு சான்றுகளும் இருக்கலாம். பக்கத் தையலிலோ பாக்கெட்டின் உட்புறத்திலோ மகளிர் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் சிறு முத்திரைச் சீட்டு இருக்கிறதா என்று தேடுங்கள். அதில் ஏ.எஃப்.எல்., சி.ஐ.ஓ. என்ற எழுத்துகள் இணைந்திருந்தால், அந்தப் பெயர்கள் கொண்ட இரு அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் ஒன்றான 1955-க்குப் பிறகு தைத்தது என்று கொள்ளலாம். சீட்டு சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய மூன்று நிறங்களில் இருந்தால் 1970களின் நடுப்பகுதி அல்லது அதற்குப் பிற்பட்டது. துவைக்கும் முறையைச் சொல்லும் சீட்டை நிரந்தரமாகத் தைக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1972-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அத்தகைய சீட்டு இருந்தால் கோட்டு அதற்குப் பிற்பட்டது என்பது அநேகமாக உறுதி. இல்லாவிட்டால் முற்பட்டது என்று அடித்துச் சொல்ல முடியாது. கழுத்தில் உறுத்துகிறது என்று யாராவது கத்தரித்திருக்கக்கூடும். முழுவதும் தோலால் ஆன கோட்டுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அந்த விதி நெசவுத்துணி ஆடைகளுக்கானது.

பராமரிப்பில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கம்பளியும் தோலும் ஒரே உடையில் இருப்பதால் ஒன்றுக்கு நல்லது மற்றொன்றுக்குத் தீங்கு. வழக்கமான ட்ரை கிளீனிங் திரவம் தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும். சாயம் கரைந்து வெளிர்நிறக் கம்பளியில் ஊறினால் அந்தக் கறை போகாது. கோட்டின் உட்புறத்தில், கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில், இலேசாக ஈரப்படுத்திய வெள்ளைப் பருத்தித் துணியால் தோல் பட்டையை மெல்லத் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால், தோல் கலந்த பழைய உடைகளில் பழக்கமுள்ளவரிடம் மட்டுமே அதைக் கொடுங்கள். நீராவி இஸ்திரியைத் தோலின் அருகே கொண்டுபோகவே கூடாது. ஈரமும் சூடும் சேர்ந்தால் தோல் சுருங்கி விறைத்துவிடும். பித்தளையை மினுக்க வேண்டும் என்று பாலிஷ் போடாதீர்கள். அந்தத் திரவம் சுற்றியுள்ள தோலிலும் கம்பளியிலும் இறங்கும். உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும்.

கோடைக்காலத்தில் உள்ளே வைக்கும்முன் மென்மையான பிரஷ்ஷால் கம்பளியை, முக்கியமாகக் காலரின் அடியையும் பாக்கெட்டின் மூலைகளையும், துலக்கிவிடுங்கள். அந்துப்பூச்சி முட்டையிடுவது அங்கேதான். அகலமான, பஞ்சு வைத்த ஹேங்கரில் மாட்டுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால் அது வேண்டாம். ஊரிலிருந்து கொண்டுபோன பழைய பருத்தி வேட்டி இருந்தால், கஞ்சி முழுவதும் போகும்படி அலசிக் காயவைத்து அதைப் போர்த்துங்கள்; கஞ்சி இருந்தால் பூச்சி அதைத் தேடி வரும். அங்கோரா ஆட்டு மயிரால் ஆன மோஹேர் போன்ற தளர்ந்த நெசவு என்றால் தொங்கவிடாமல் மடித்து வையுங்கள்.

தையல்காரரிடம் வேலையே கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. லைனிங் கிழிந்திருந்தால் மாற்றலாம். பழைய லைனிங்கை எறியாமல் துணிச்சீட்டுடன் பத்திரப்படுத்துங்கள். தோல் பட்டையில் தையல் விட்ட இடங்களை, இயந்திரத்தில் கொடுக்காமல், பழைய துளைகளிலேயே ஊசியைச் செலுத்திக் கையால் தைத்துத் தரச் சொல்லுங்கள். கை நீளமாக இருந்தால் வெளியே ஒரு மடிப்பு மடித்துவிட்டுக்கொள்ளலாம். கத்தரி அதன் அருகே போக வேண்டாம்.