மூன்றாவது வேகத்துக்கு எந்த ஓவர்?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி அண்ணன்மாரே, கச்சான் கோது உடைத்தபடி இரண்டு பக்கத்துக்கும் மாறி மாறிக் கைதட்டிக் கொண்டிருக்கும் திருகோணமலை இரசிகர்களே, வணக்கம்.

"இலங்கை மண்ணில் ஒருநாள் போட்டிக்கு அணி தெரிவுசெய்யும்போது முன்னுரிமை சுழலுக்கா, வேகத்துக்கா?" இதுதான் தலைப்பு. நாங்கள் சுழலின் பக்கம்: அணியில் இரண்டு வேகம், மூன்று சுழல். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று குண்டு போட்டுவிட்டு அமர்ந்திருக்கிறார்: 2023 ஆசியக்கிண்ண இறுதிப்போட்டியில் வேகம் நம்மைச் சுருட்டியது, இரவுப் பனியில் சுழல் எடுபடாது, 2027 உலகக்கிண்ணத்துக்கு வேகம் வேண்டும். மூன்றுக்கும் வருகிறேன். அதற்கு முன் ஓவர்க் கணக்கைப் பார்ப்போம். அந்தப் பக்கம் எதிரணி எட்டியும் பார்க்கவில்லை.

முதல் பத்து ஓவரில் களத்தின் உள்வட்டத்துக்கு வெளியே இரண்டு களத்தடுப்பாளர்தான் நிற்கலாம். 11 முதல் 40 வரை நான்கு பேர். கடைசிப் பத்தில் ஐந்து பேர். ஆட்டத்தின் வயிறு அந்த நடு முப்பது ஓவர், 180 பந்து. அங்கே வேகப்பந்து வீச்சாளர் வந்தால் அணித்தலைவர் என்ன செய்ய வேண்டும்? விளிம்பில் பட்டதும், துடுப்பைத் திறந்து தட்டிவிட்டதும் பின்பக்கம் எல்லைக்கு ஓடும். அதைக் காக்க தேர்ட் மேனில் ஒருவர், ஃபைன் லெக்கில் ஒருவர். நான்கில் இரண்டு போச்சு. மிச்சம் இரண்டு பேரை வைத்து முன்பக்கம் முழுவதையும் எப்படிக் காப்பது? சுழற்பந்து வீச்சாளருக்கு அந்தப் பின்பக்க இருவரும் வட்டத்துக்குள் நிற்கலாம். லோங் ஓன், லோங் ஓஃப், மிட்விக்கெட் எல்லை, கவர் எல்லை என்று நால்வரும் முன்னால். துடுப்பாட்ட வீரர் தூக்கி அடித்தால் அங்கே ஒரு கை காத்திருக்கும். சுழலுக்கு அழகு இருக்கிறது என்பதற்காக நாங்கள் வாதாடவில்லை, ஐயா. களத்தடுப்பு விதியே சுழலுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறது.

அப்ப ஏதோ மூன்று சுழலை எடுத்தால் போதுமா? போதாது. இந்த இடத்தில் எங்கள் பக்கத்து இரசிகர்களையும் கொஞ்சம் திட்டத்தான் வேண்டும். மூன்று சுழலும் ஒரே மாதிரி என்றால் அது ஒரு சுழலுக்குச் சமம். வலக்கைக்காரருக்கு வெளியே திருப்ப ஓர் இடக்கை விரல் சுழல். இடக்கைக்காரருக்கு வெளியே திருப்ப ஓர் ஓஃப் சுழல். இரண்டு பக்கமும் திருப்பி, கூக்ளியால், அதாவது எதிர்ப்பக்கம் திரும்பும் பந்தால், விக்கெட் வாங்க ஒரு லெக் சுழல். வெல்லாலகே, தீக்ஷன, ஹசரங்க மூவரையும் இந்தக் கணக்கில் பாருங்கோ, பொருந்துகிறது. அதற்கு மேல் அசலங்க, கமிந்து மெண்டிஸ் போன்ற பகுதிநேரக் கைகள். கமிந்துவுக்கு இரண்டு கையும் வீசும்; எந்தப் பக்கத்துக்காரர் வந்தாலும் பதில் உண்டு.

2024 ஓகஸ்டில் இந்தியா கொழும்பு பிரேமதாச மைதானத்துக்கு மூன்று ஒருநாள் போட்டிக்கு வந்தது. முதல் போட்டி 230க்கு 230 என்று சமநிலை. அதில் வெல்லாலகே ஆட்டமிழக்காமல் 67 ஓட்டம், இரண்டு விக்கெட். இரண்டாவதில் காயப்பட்ட ஹசரங்கவுக்குப் பதிலாக இன்னொரு லெக் சுழலான வண்டர்சே வந்தார். விக்கெட் இழப்பின்றி 97 என்று ஓடிக்கொண்டிருந்த இந்தியா 208க்குச் சுருண்டது. விழுந்த முதல் ஆறு விக்கெட்டும் வண்டர்சேக்கு, 33 ஓட்டம் கொடுத்து. மூன்றாவதில் வெல்லாலகே 27க்கு ஐந்து; இந்தியா 138. தொடர் 2-0. இந்தியாவுடனான இருதரப்பு ஒருநாள் தொடரை இலங்கை அதற்கு முன் வென்றது 1997இல். ஹசரங்க போனாலும் லெக் சுழல் என்ற இடம் அணியில் போகவில்லை. தேர்வுக்குழு ஆளைத்தான் மாற்றியது. அந்த இடத்துக்கு இன்னொரு வேகத்தைக் கொண்டுவந்திருந்தால் 97இல் நின்ற சோடியை யார் பிரித்திருப்பார்?

சரி, எதிரணியின் முதல் குண்டு. 2023 செப்டம்பர் 17, அதே பிரேமதாச. இந்தியாவின் வேகப்பந்து வீச்சாளர் சிராஜ் 21க்கு ஆறு விக்கெட், நாங்கள் 50க்கு எல்லாரும் காலி. மறுக்க முடியுமா? முடியாது. மழையால் தாமதமாகத் தொடங்கிய ஆட்டம், மூடிக்கிடந்த ஆடுகளம், புதுப்பந்து காற்றில் வளைந்தது. ஆனால் ஐந்து நாளைக்கு முன், செப்டம்பர் 12, அதே மைதானத்தில் இந்தியா 213க்கு வீழ்ந்தபோது பத்து விக்கெட்டும் சுழலுக்கு. வெல்லாலகே ஐந்து, அசலங்க நான்கு, தீக்ஷன ஒன்று. (அந்த ஆட்டத்தையும் தோற்றோம். தோற்றது துடுப்பால்.) சிராஜின் கதை புதுப்பந்தின் கதை. அதற்காகத்தான் இரண்டு வேகத்தை நாங்களும் கேட்கிறோம். பந்து வளைவது நின்ற பிறகு மூன்றாமவருக்கு என்ன வேலை?

இரண்டாவது, பனி. இதில் எதிரணிக்கு நானே ஓர் ஆயுதம் எடுத்துத் தருகிறேன். 1996 மார்ச் 17, லாகூரில் உலகக்கிண்ண இறுதிப்போட்டி. அர்ஜுன ரணதுங்க நாணயச்சுழற்சியில் வென்று களத்தடுப்பை எடுத்தார். பகல் வெளிச்சத்தில் நமது சுழல் 37 ஓவர்: முரளிதரன் 10, தர்மசேன 10, அரவிந்த 9, ஜயசூரிய 8. ஒரு விக்கெட்டுக்கு 137 என்றிருந்த அவுஸ்திரேலியா ஐந்துக்கு 170 ஆனது. இரவில் பனி இறங்கியது. அவர்களது லெக் சுழல் ஷேன் வோர்ன் பத்து ஓவரில் 58 கொடுத்து ஒரு விக்கெட்டும் எடுக்கவில்லை. பனி சுழலைக் கெடுக்கும், உண்மை. ஆனால் எல்லாச் சுழலையும் ஒரே அளவு கெடுக்காது. நனைந்த பந்தில் முதலில் வழுக்குவது லெக் சுழலின் பிடி. கூக்ளி கையிலேயே நிற்காது, முழுநீளமாகவோ குட்டையாகவோ விழும். ஆகவே லெக் சுழலின் பத்து ஓவரையும் பனி ஏறுமுன் முடித்துவிட வேண்டும். விரல் சுழல், திருப்பத்தை மறந்துவிட்டு வேகமாக, ஸ்டம்பை நோக்கி, சறுக்கிப் போகிற பந்தாகப் போடலாம். அது சரி, காலடியில் இறங்க வேண்டிய வேகப்பந்தின் யோர்க்கர் மட்டும் ஈரப்பந்தில் தவறாமல் இறங்குமா? அதுவும் இடுப்புயரத்தில்தான் வந்து நிற்கும். பனி கெடுக்காத கை எது?

இன்னொன்று, எதிரணி தொடாமல் விட்ட விதி. 2011 ஒக்டோபரிலிருந்து முனைக்கொரு புதுப்பந்து. ஐம்பதாவது ஓவரிலும் பந்துக்கு 25 ஓவர் வயதுதான். 2025 ஜூலைக்குப் பிறகு 34 ஓவர் வரைதான் இரண்டு பந்து; பிறகு அதில் ஒன்றைத் தெரிவுசெய்து முடிவு வரை வீச வேண்டும். அந்தப் பந்து ஏற்கெனவே 17 ஓவர் கண்டது, கடைசியில் 33 ஓவர் ஆகும். மென்மையான, தோல் கிழிந்த பந்து, பிரேமதாசவின் மெதுவான ஆடுகளத்தில் பிடித்து நின்று வரும். பழைய பந்து எதிர்ப்பக்கம் வளையும் ரிவர்ஸ் ஸ்விங்குக்காகத்தானே அந்த விதி என்று எதிரணி எழும்பும். எச்சில் தொட்டுப் பந்தை மினுக்கத் தடை இன்னும் இருக்கிறது, அண்ணே. வியர்வையால் ஒரு பக்கத்தை மினுக்கி ரிவர்ஸ் எடுப்பவர் உலகில் எத்தனை பேர்? சுழலுக்கு மினுக்கவே தேவையில்லை.

நடுவர் ஐயா மணியில் கை வைக்கிறார். விரைவாகச் சொல்கிறேன்.

மூன்றாவது குண்டு: 2027 உலகக்கிண்ணம் தென்னாபிரிக்கா, சிம்பாப்வே, நமீபியாவில். தலைப்பு இலங்கை மண். 2003 உலகக்கிண்ணம் தென்னாபிரிக்காவில் நடந்தபோது 23 விக்கெட்டோடு தொடரில் முதலிடம் பிடித்தவர் நமது வேகப்பந்து வீச்சாளர் சமிந்த வாஸ்தான். அங்கே போகும்போது பெட்டியை வேறுமாதிரிக் கட்டுவோம். ஏன், பல்லேகலவில் மேகம் மூடிய நாளில் மூன்றாவது வேகத்தை நானே கேட்பேன். 2025 ஒக்டோபரில் டாக்காவில் மேற்கிந்தியத்தீவுகள் ஐம்பது ஓவரையும் சுழலுக்கே கொடுத்தது. அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. அதே ஆண்டு டுபாயில் சம்பியன்ஸ் கிண்ண இறுதிப்போட்டி: இந்தியாவின் நான்கு சுழல், 38 ஓவர், 144 ஓட்டம், ஐந்து விக்கெட். வேகப்பந்து வீச்சாளருக்குப் பஞ்சமில்லாத நாடு ஆடுகளத்தைப் பார்த்துவிட்டு எடுத்த முடிவு அது.

எங்கள் பங்கீடு இதுதான். வேகம் இருவருக்கும் தொடக்கத்தில் நாலு நாலு ஓவர், முடிவில் மும்மூன்று. அது 14. மூன்று சுழலுக்கும் பத்துப் பத்து, 30. மீதி ஆறு பகுதிநேரக் கைகளுக்கு. ஐம்பது சரி.

அடுத்து எழும்பப்போகும் எதிரணித் தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் மூன்றாவது வேகத்தின் பத்து ஓவரை எந்த ஓவர் முதல் எந்த ஓவர் வரை, எந்த நால்வரை எல்லையில் நிறுத்திப் போடுவீர்கள்? எண்களோடு சொல்லுங்கோ.