வெளுத்ததெல்லாம் பாலல்ல
(நாகர்கோவிலில் தசைநோய்க் குழந்தைகளின் பெற்றோர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்து நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மருத்துவர்களே, மாநகராட்சி உறுப்பினர்களே, விளவங்கோட்டிலிருந்தும் தோவாளையிலிருந்தும் பிள்ளைகளை இடுப்பில் சுமந்து வந்திருக்கும் தாய்மாரே, வணக்கம். வாசல்படியில் பலகைச் சாய்தளம் போட்டுத் தந்த இளைஞர்களுக்குத் தனி வணக்கம். அது இல்லையென்றால் இந்த முன்வரிசைச் சக்கர நாற்காலிகள் உள்ளே வந்திருக்காது.

மூன்று செய்திகள் பேச வந்தேன். தசைச்சிதைவும், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் நோயும் எங்கே பிரிகின்றன, எங்கே சேர்கின்றன, வீட்டில் என்ன கவனிக்க வேண்டும்.

வெளுத்ததெல்லாம் பாலல்ல. குலசேகரத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்; சிரட்டையில் வடியும் ரப்பர் பாலும் வெளுப்புதான். பிள்ளை தடுக்கி விழுகிறான், படியேறத் திணறுகிறான் என்றதும் ஒரே பெயரைச் சூட்டிவிடுகிறோம்.

சின்னமுட்டம் துறைமுகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மரவிசைப்படகுகளைக் கயிறு கட்டி இழுத்து வருகிறார்கள். இரண்டும் நடுக்கடலில் நின்றுபோனவை. கரையில் நிற்கிறவர்களுக்கு இரண்டும் ‘எஞ்சின் பழுது’. மெக்கானிக் முதல் படகில் இறங்குகிறார். டீசல் வடிகட்டி முழுக்க அடைப்பு. உடம்பில் ஒரு கீறல் இல்லை. இரண்டாவதில் இறங்கினால் முழங்கால் அளவு உப்புத்தண்ணீர். எஞ்சினைக் கழற்றித் துடைத்து மாட்டுகிறார், ஓடுகிறது. மறுநாள் மறுபடி நிற்கிறது. அப்போதுதான் ஒரு மூத்த தச்சர் அடித்தட்டில் கையை ஓட்டிப் பார்க்கிறார்: பலகை மூட்டில் அடைத்த பஞ்சு போயிருக்கிறது. தண்ணீர் வந்த வழி அது. எஞ்சின் கெட்டது அதன் பிறகுதான்.

முதல் படகு மைட்டோகாண்ட்ரியா நோய். செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் இடமே பழுது. இரண்டாவது டூஷேன் என்ற வகைத் தசைச்சிதைவு. 1987இல் அடையாளம் கண்ட டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம்தான் அந்தப் பஞ்சு. அது இல்லாவிட்டால் தசையுறை கிழிகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது, மைட்டோகாண்ட்ரியா அதை உறிஞ்சி வீங்கிச் சாகிறது. ஆக, இரண்டு நோயும் சேரும் இடமும் எஞ்சின் அறைதான்.

பரிசோதனைக்கு வருவோம். சி.கே. என்பது தசை கிழிந்தால் இரத்தத்தில் ஏறும் நொதி. அதன் அளவு இயல்பில் ஏறத்தாழ 200க்குள் இருக்கும். டூஷேனில் பல ஆயிரம், 10,000க்கு மேலும் போகும்; மைட்டோகாண்ட்ரியா நோயில் பெரும்பாலும் இயல்பு அல்லது சற்றுக் கூடுதல். கல்லீரல் சோதனையில் பார்க்கும் எஸ்.ஜி.பி.டி. தசையிலிருந்தும் ஏறும். அதைப் பார்த்துக் கல்லீரல் நோய் என்று மாதக்கணக்கில் மருந்து தின்ற பிள்ளைகள் உண்டு, முதலில் சி.கே. கேளுங்கள். ஆற்றல் தயாரிப்பு தடைபட்டால் இரத்தத்தில் சேரும் லாக்டேட்டை அளக்க இரத்தம் எடுக்கும்போது பிள்ளை அழுதாலோ, கையை இறுக்கிக் கட்டினாலோ அளவு பொய்யாக ஏறும். கட்டாமல் எடுத்து, ஃப்ளூரைடு சேர்த்த குழாயில் விட்டு, ஐஸில் வைத்து உடனே ஆய்வகத்துக்குப் போக வேண்டும். மரபணுச் சோதனை எழுதும்போது மைட்டோகாண்ட்ரியாவின் 37 மரபணுக்களும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். சாதாரணச் சோதனையில் பல நேரம் அடங்காது. சிலவகை மாற்றங்கள் வயது ஏற ஏற இரத்தத்தில் குறைந்துவிடும். சிறுநீரில் தெரியும்.

வீட்டுக் கவனிப்புக்கு நேரம் போதாது. இரண்டு மட்டும்: மைட்டோகாண்ட்ரியா நோய்ப் பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள், வலிப்புக்கு வால்ப்ரோயேட் என்ற மருந்தை எழுதினால் நோயின் பெயரை மருத்துவரிடம் நினைவூட்டுங்கள்.

நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் தசைச்சிதைவு பெயர் சொல்லி இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா நோய் பெயர் சொல்லி இல்லை. தசைச்சிதைவுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 2000 ரூபாய் தருகிறது; பக்கத்துப் படுக்கையில் மைட்டோகாண்ட்ரியா நோய்ப் பிள்ளை அதே தளர்ச்சியோடு கிடந்தாலும் கை கால், காது, கண் என்று துண்டு துண்டாகத்தான் சான்றிதழ் தேட வேண்டும். காலையில் சோதித்தால் கை காலில் வலு இருக்கும். நாலு முறை படியேறிய பிறகுதான் துவளும். அந்தத் துவளலை எந்தப் படிவம் அளக்கும்? வெளுத்ததெல்லாம் பாலல்ல என்று சொன்ன நானே சொல்கிறேன், நோய் வேறானாலும் பசி ஒன்று. பட்டியலை நீட்டச் சட்டத்திலேயே வழி உண்டு: மாநிலம் பரிந்துரைக்கலாம், மத்திய அரசு ஓர் அறிவிக்கையில் சேர்க்கலாம். மனு வாசலில் இருக்கிறது. கையெழுத்தோடு ஊர்ப் பெயரும் பிள்ளையின் வயதும் எழுதுங்கள். எழுத முடியாத பிள்ளைகளின் கைநாட்டுக்கு மைப்பெட்டியும் வைத்திருக்கிறோம்.