மொய் நோட்டைத் திறந்து பாருங்கள்!

நடுவர் அவர்களுக்கும் நியூ ஜெர்சித் தமிழ்ச் சொந்தங்களுக்கும் வணக்கம். எதிரணிக்கும்தான். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இழுபறியான பிரைமரி தேர்தலில், அதாவது ஒரு கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற உட்கட்சித் தேர்தலில், கைகொடுப்பது வியூகமா, எதிராளியைத் தாக்கும் பிரச்சாரமா? இதுதான் தலைப்பு. நான் வியூகத்தின் பக்கம். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் 2008-ல் ஒபாமாவும் ஹிலாரி கிளிண்டனும் மோதிய ஜனநாயகக் கட்சிப் போட்டியை எடுத்துக்கொண்டார். கிளிண்டனின் "அதிகாலை மூன்று மணி" விளம்பரம் ஒபாமாவை ஆட்டிவிட்டது என்றார். போகிற போக்கில் எங்கள் அணியைப் பார்த்து ஒன்று சொன்னாரே, நினைவிருக்கிறதா? "வியூகம் வகுக்கிறவர்கள் கல்யாண மண்டப வாசலில் மொய் எழுதுகிற ஆட்கள். உள்ளே மேளம் முழங்கும், பந்தி நடக்கும், அவர்களுக்கு ஒன்றுமே தெரியாது." கைதட்டலும் வாங்கிவிட்டார்.

நண்பரே, மொய் எழுதுகிறவருக்குப் பந்தி தெரியாமல் இருக்கலாம். ஆனால் எல்லாம் முடிந்து, ராத்திரி சீரியல் செட்டைக் கழற்றுகிற நேரத்தில், பெண்ணின் அப்பா யாரைத் தேடுகிறார்? மேளக்காரரையா? பந்தி விசாரித்தவரையா? "அந்த நோட்டு எங்கேப்பா?" என்றுதானே கேட்கிறார்! ஆயிரம் பேர் வந்து சாப்பிட்டு வாழ்த்திவிட்டுப் போயிருக்கலாம். நோட்டில் ஏறியதுதான் கணக்கு. பிரைமரி தேர்தலில் அந்த நோட்டுக்கு டெலிகேட் பட்டியல் என்று பெயர். டெலிகேட் என்றால் கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடுகிற பிரதிநிதி. அதை எழுதத் தெரிந்தவர் வேட்பாளர் ஆனார். மேளத்தை நம்பியவர் ஆகவில்லை.

சந்தேகமா? உங்கள் மாநிலத்துக் கதையையே சொல்கிறேன். எடிசன் ஊரில் இருந்து வந்தவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்.

2008 பிப்ரவரி 5. பல மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போடுகிற சூப்பர் செவ்வாய். நியூ ஜெர்சியில் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் மட்டும் பத்து லட்சம் பேருக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள். கிளிண்டன் சுமார் பத்து சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். பெரிய வெற்றி, மறுக்கவில்லை. டெலிகேட் எத்தனை? அவருக்கு 59, ஒபாமாவுக்கு 48. நிகர லாபம் 11.

அதே நாள், மலைகளும் உருளைக்கிழங்கு வயல்களும் நிறைந்த இடாஹோ. குடியரசுக் கட்சியின் கோட்டை. நவம்பரில் அங்கே ஜனநாயகக் கட்சி ஜெயிக்காது என்று எல்லாருக்கும் தெரியும். அன்று அங்கே நடந்தது காக்கஸ், அதாவது கட்சி ஆதரவாளர்கள் நேரில் கூடி வேட்பாளருக்கு ஆதரவு சொல்கிற கூட்டம். அதற்கு வந்தவர்கள் சுமார் 21,000 பேர்தான். ஒபாமாவுக்கு 15 டெலிகேட், கிளிண்டனுக்கு 3. நிகர லாபம் 12.

பின்வரிசையில் அம்மா ஒருவர் கைவிரலை மடக்கிக் கணக்குப் போடுகிறார். போடுங்கம்மா, நானும் கூடவே போடுகிறேன். பத்து லட்சம் பேர் ஓட்டுப் போட்ட இடத்தில் கிளிண்டனுக்குக் கிடைத்த லாபம் 11. இருபத்தோராயிரம் பேர் கூடிய இடத்தில் ஒபாமாவுக்குக் கிடைத்த லாபம் 12. நியூ ஜெர்சியை இடாஹோ ஜெயித்துவிட்டது! டர்ன்பைக் நெடுஞ்சாலையில் போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு, வேலையிலிருந்து ஓடிவந்து வரிசையில் நின்று போட்ட ஓட்டெல்லாம் இடாஹோவில் கூடிய கூட்டத்துக்கு ஈடாகவில்லை.

எப்படி நடந்தது? ஜனநாயகக் கட்சியில் டெலிகேட்களை ஓட்டு விகிதப்படி பிரிப்பார்கள். நான்கு டெலிகேட் உள்ள தொகுதியில் 55-க்கு 45 என்று ஜெயித்தாலும் ஆளுக்கு இரண்டுதான். அதனால் பெரிய மாநிலத்தில் ஓரளவு தோற்றால் நஷ்டம் குறைவு, சின்ன மாநிலத்தில் அள்ளினால் லாபம் அதிகம். இதை ஒபாமாவின் பிரச்சார மேலாளர் டேவிட் ப்ளூஃப் தரப்பு முன்கூட்டியே கணக்குப் போட்டது. சூப்பர் செவ்வாய்க்கு மூன்று நாள் முன்னால் ஒபாமா இடாஹோவின் பாய்ஸி நகரத்துக்கே போனார். சுமார் 14,000 பேர் திரண்டார்கள். சூப்பர் செவ்வாய்க்கு அப்புறம் அந்த மாதத்திலேயே தொடர்ந்து 11 போட்டிகளில் ஜெயித்தார். பிப்ரவரி முடியும்போது டெலிகேட் முன்னிலை நூறைத் தாண்டிவிட்டது.

சரி, எதிரணி நண்பரின் மூன்று மணி விளம்பரத்துக்கு வருவோம். வெள்ளை மாளிகையில் போன் அடிக்கிறது. குழந்தைகள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அந்த போனை யார் எடுக்க வேண்டும் என்று குரல் கேட்கிறது. ஒபாமாவுக்கு அனுபவம் போதாது என்று பயம் காட்டுகிற விளம்பரம். அதில் தூங்குகிற ஒரு சிறுமி யார் என்று நண்பர் சொல்லவில்லையே! அது பல வருடம் முன்னால் வேறு ஒரு விளம்பரத்துக்காக எடுத்த பழைய காட்சி. விளம்பரம் வந்தபோது அந்தச் சிறுமிக்குப் பதினெட்டு நெருங்கிக்கொண்டிருந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் இருந்தார். யாருக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்? ஒபாமாவுக்கு! கிளிண்டன் விளம்பரத்தில் தூங்கிய குழந்தை, ஒபாமா பிரச்சாரத்தில் விழித்துக்கொண்டிருந்தது! பிறகு ஒபாமாவின் விளம்பரத்திலேயே வந்து, பயமுறுத்தும் அரசியல் எனக்கு வேண்டாம் என்று பேசினார்.

அந்த விளம்பரம் ஓடிய டெக்ஸஸில் என்ன ஆனது? பிரைமரி ஓட்டில் கிளிண்டன் ஜெயித்தார், உண்மை. அதே மாநிலத்தில் அதே நாள் காக்கஸும் நடந்தது. இரண்டையும் சேர்த்தால் ஒபாமாவுக்கு 99 டெலிகேட், கிளிண்டனுக்கு 94. தொலைக்காட்சியில் மேளம், நோட்டில் ஒபாமா.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். ஒரே ஒரு நிமிடம். கணக்கை எல்லாம் இங்கேயே வைத்துவிடுகிறேன்.

2008 ஜூன் 7, தலைநகர் வாஷிங்டன். கிளிண்டன் விடைபெறுகிறார். அழுகிற ஆதரவாளர்களிடம் தெற்கு டகோட்டாவைச் சேர்ந்த 88 வயது அம்மா ஒருவரின் கதையைச் சொன்னார். கடைசிக்கால மருத்துவப் பராமரிப்பில் படுக்கையில் கிடந்தபடி, தபால் ஓட்டைக் கொண்டுவா என்று மகளிடம் பிடிவாதமாகக் கேட்டவர். கட்டிலுக்குப் பின்னால் அமெரிக்கக் கொடியை மாட்டிவைத்து, மகளும் ஒரு தோழியும் சேர்ந்து அந்த ஓட்டை நிரப்ப உதவினார்கள். சில நாளில் அந்த அம்மா போய்விட்டார். தேர்தலுக்கு முன்பே இறந்தால் ஓட்டுச் செல்லாது, அது மாநிலச் சட்டம். அவருடைய கணவர் ஒரு முரட்டுக் கௌபாய். இருபது வருடமாக அவர் ஓட்டுப் போட்டதாக மகளுக்கே நினைவில்லை. மனைவியின் ஓட்டு எண்ணப்படாது என்று கேட்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை. மனைவிக்குப் பதிலாகத் தானே போய் ஓட்டுப் போட்டார். தெற்கு டகோட்டாவில் கிளிண்டன் ஜெயித்தார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தாத்தா இருந்திருப்பார். பாட்டி இருக்கிறவரை ஒரு நல்ல வார்த்தை பேசியிருக்க மாட்டார். அவள் போன பிறகு, அவள் ஆசைப்பட்டதை ஒன்று விடாமல் செய்திருப்பார். அந்தக் கௌபாயை வாக்குச்சாவடிக்கு அழைத்துவந்தது எந்த வசை விளம்பரம்? எதிரணித் தலைவர் எழுந்து முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். வணக்கம்.