ஆசை வேறு, சுவை வேறு

(கிளிநொச்சியில் பாடசாலைப் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அம்மாமாருக்கும் ஐயாமாருக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

ஏ9 வீதியால் போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் போவது குறைவு. இறங்கியவர்கள் கச்சான் வாங்காமல் ஏறுவதும் குறைவுதான். தெற்கிலிருந்து வரும் பஸ் மாங்குளத்தைத் தாண்டியதும் பிள்ளை தாயின் சேலையை இழுக்கத் தொடங்கிவிடும். கோயில் இன்னும் கண்ணில் படவில்லை, வறுத்த மணமும் வரவில்லை. ஆனால் பிள்ளையின் மூளைக்குள் வேலை தொடங்கிவிட்டது. அந்த வேலையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நடுமூளையில் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கும் நரம்புக் கலங்கள் இருக்கின்றன. 1990களில் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளின் மூளையில் இந்தக் கலங்களைக் கவனித்தார். வாயில் ஒரு துளி பழச்சாறு விழுந்ததும் கலங்கள் துடித்தன. சாறு வருமுன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு பழகிக்கொண்ட பிறகு கதை மாறியது. விளக்கைக் கண்டதுமே கலங்கள் துடித்தன. சாறு வந்தபோது பேசாமல் இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனால், வழக்கமாக இருக்கும் துடிப்பும் சற்று நேரம் அடங்கிப்போனது. பஸ் முறிகண்டியில் நிற்காமல் போன நாளில் பிள்ளையின் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

டோபமைனை இன்பத்தின் சுரப்பு என்று பலர் எழுதுகிறார்கள். அப்படி எழுதுவது நம்மை வழிதவற வைக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் என்பவர் டோபமைன் ஏறக்குறைய முழுவதும் அழிக்கப்பட்ட எலிகளை ஆராய்ந்தார். உணவு பக்கத்தில் இருந்தும் அவை எழுந்து போய்த் தின்னவில்லை. ஆனால் வாயில் சீனித் தண்ணீரைச் சொட்டாக விட்டபோது, மற்ற எலிகளைப் போலவே உதட்டை நக்கிச் சுவைத்தன. சுவைக்கும் இன்பம் அவற்றிடம் அப்படியே இருந்தது, தேடிப் போகும் ஆசைதான் இல்லாமல் போயிருந்தது. சுவைக்கும் இன்பத்தில் மூளை தானே சுரக்கும், அபினை ஒத்த பொருட்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆசையை எழுப்புவது டோபமைன். இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால் ஒன்றென்று எண்ணிவிடுகிறோம்.

இரண்டும் பிரியக்கூடும் என்பதுதான் பெற்றோருக்கு முக்கியம். பாலைப்பழத்தில் இனிப்பு உண்டு, கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம். கச்சானில் கொழுப்பு நிறைய உண்டு, இனிப்பு குறைவு. இரண்டும் தாராளமாகச் சேர்ந்திருக்கும் உணவு இயற்கையில் அரிது. தாய்ப்பால் அப்படி ஒன்று. கிரீம் பிஸ்கட்டிலோ மாவும் சீனியும் கொழுப்பும் ஒன்றாக இருக்கின்றன. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே அளவு சக்தி தருகிற, ஒரே அளவு பிடித்த உணவுகளை ஆட்களுக்குக் காட்டினார்கள். மாச்சத்தும் கொழுப்பும் சேர்ந்த உணவுக்கே அவர்கள் கூடுதல் காசு கொடுக்க முன்வந்தார்கள். மூளையின் ஆசைப் பகுதியும் அதற்கே அதிகம் கிளர்ந்தது. கூடப் பிடித்ததால் அல்ல. அதனால்தான் பைக்கற் முடியும்வரை கை உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. கடைசிப் பிஸ்கட்டைத் தின்னும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். முதல் பிஸ்கட்டில் இருந்த மலர்ச்சி அதில் இருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2009இல் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். 1944ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டாவில் அன்செல் கீஸ் என்பவர் பட்டினியைப் பற்றி ஓர் ஆய்வைத் தொடங்கினார். 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்து, ஏறக்குறைய ஆறு மாதம் அரைவயிற்றோடு இருந்தார்கள். அவர்களின் நினைவெல்லாம் உணவாயிற்று. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்துப் படித்தார்கள். மறுபடி போதிய உணவு கிடைத்தபோதும், வயிறு முட்டிய பிறகும் பசி தீரவில்லை என்று பலர் சொன்னார்கள். மனம் விரும்பி, நாள் குறித்து, வைத்தியர்களின் கண்காணிப்பில் இருந்தவர்களின் நிலை இது. உங்களுக்கு அந்த மூன்றும் இருக்கவில்லை. அந்த நாட்களைக் கண்ட தாய்க்கு, பிள்ளை கேட்டதை இல்லையென்று சொல்ல வாய் வராது. அதில் குற்றம் காண எனக்கு மனமில்லை.

ஆகவே கேட்கிறேன், பிள்ளையைப் பெருந்தீனி என்று ஏசாதீர்கள். கண்ணில் படுவதுதான் ஆசையை எழுப்புகிறது. பிஸ்கட் டின்னை மேசையிலிருந்து எடுத்து, மூடிய அலுமாரிக்குள் வையுங்கள். பாடசாலை விட்டு வரும் நேரத்தில் சோறோ அவித்த பயறோ தயிரோ முதலில் கண்ணில் படட்டும். சோதனையில் நல்ல புள்ளி எடுத்தால் சொக்லேட் என்று பேரம் பேசாதீர்கள். பரிசாகக் கொடுக்கும் உணவின் மேல் பிள்ளையின் நாட்டம் இன்னும் கூடும். கூடச் சேர்ந்து குளத்துக்குப் போவதும் பரிசுதான்.

அதிபரிடமும் ஒரு வேண்டுகோள். சிற்றுண்டிச்சாலையின் முன்தட்டில், பிள்ளைகளின் கண்ணுக்கு நேரே, இப்போது இனிப்புப் பானப் போத்தல்கள் நிற்கின்றன. வரும் தவணைக்கு முன் அந்த இடத்தில் கச்சானையும் வாழைப்பழத்தையும் வைத்துத் தாருங்கள்.