ஈரோட்டு வார ஏடும் ஈய எழுத்துகளும்

வணக்கம் நண்பர்களே. 1925 மே 2 அன்று ஈரோட்டில் தொடங்கப்பட்ட 'குடி அரசு' வார ஏட்டைப் பற்றி இன்று பேசுகிறேன். அதன் அரசியலைப் பற்றிப் பலரும் பேசியிருக்கிறார்கள். எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது அதன் அச்சுக்கூடத்தைப் பற்றி.

சுதேசமித்திரன் போன்ற பெரிய நாளேடுகள் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த காலத்தில், அங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஈரோட்டில், பெரியாரும் தங்கபெருமாள் பிள்ளையும் ஆசிரியர்களாக இருந்து இந்த ஏட்டைத் தொடங்கினார்கள். 1933 அக்டோபரில் வெளியான ஒரு தலையங்கத்துக்காக அரசு வழக்குத் தொடுத்தது. பெரியாரும், வெளியீட்டாளரான அவருடைய தங்கை கண்ணம்மாளும் சிறை சென்றார்கள். அப்போதும் அச்சு வேலை ஓய்ந்துவிடவில்லை. 'குடி அரசு' நின்றதும் 'புரட்சி', அது நின்றதும் 'பகுத்தறிவு' என்று பெயர் மாறி மாறி வந்து, 1935 ஜனவரியில் பழைய பெயரே திரும்பியது. அந்தப் பிடிவாதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். இதோ, என் கையில் இருப்பது ஓர் ஈய எழுத்து. முகப்பில் எழுத்து இடவலம் மாறித் தெரிகிறது, பாருங்கள். அச்சுக் கோப்பவர் இத்தகைய எழுத்துகளைப் பெட்டியின் சிறு சிறு அறைகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரி வரியாக அடுக்க வேண்டும். தமிழில் உயிர்மெய் எழுத்துகள் மிகுதி என்பதால் அறைகளும் மிகுதி. அக்காலத்து 'லை' என்பது 'ல'வுக்கு முன்னால் யானைத் துதிக்கையைப் போன்ற ஒரு வளைவைச் சேர்த்து வார்த்த தனி எழுத்து. 'னா', 'றா' முதலியவற்றிலும் கால் தனியே நிற்காமல் எழுத்தோடு சுழித்துக் கிடந்தது. ஆனால் 'கை'க்கும் 'கா'வுக்கும் வேண்டிய குறிகளோ ஏற்கெனவே பெட்டியில் தனியாக இருந்தன. அவற்றையே 'ல', 'ன', 'ற' ஆகியவற்றுக்கும் பயன்படுத்தினால் அத்தனை தனி அச்சுகள் தேவையில்லை, படிக்கக் கற்கும் குழந்தைக்கும் எளிது என்று பெரியார் வாதிட்டார். அதை அறிஞர் குழுவுக்கு விண்ணப்பமாக அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல், 1935-இல் தம் ஏட்டின் பக்கங்களிலேயே அச்சிட்டுக் காட்டினார் என்பதைத்தான் நான் மிகப் பெரிய செயலாகக் கருதுகிறேன். வாரந்தோறும் அந்த ஏட்டைப் படித்தவர்களின் கண்ணுக்குப் புதிய வடிவம் மெல்ல மெல்லப் பழகியது.

'குடி அரசு' 1949-இல் நின்றுபோனது. பெரியார் 1973-இல் மறைந்தார். அவருடைய நூற்றாண்டையொட்டி, 1978-இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில் 13 எழுத்துகளின் புதிய வடிவத்தை ஏற்றுத் தமிழ்நாட்டு அரசு ஆணை பிறப்பித்தது. பழைய வீட்டுப் பத்திரங்களிலோ, பாட்டியின் கடிதங்களிலோ துதிக்கை வைத்த 'லை' இன்னும் உங்கள் கண்ணில் படக்கூடும். கிடைத்தால் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்; அடுத்த காணொலியில் அவற்றை அருகில் வைத்துப் பார்ப்போம்.